பறக்கும் தூரமும் பயண நேரமும்

"மதுரையிலிருந்து சென்னைக்கு விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம்தானே! காலையில் போய்ச் சரக்கைப் பார்த்துவிட்டு மாலையில் திரும்பிவிடலாமே?" என்று வெளியூர்க் கொள்முதலுக்குச் செல்லும் நம் வணிகர்கள் கேட்பதுண்டு. இந்தக் கணக்கைச் சற்று விரித்துப் பார்ப்போம்.

மதுரை, சென்னை விமான நிலையங்களுக்கு இடையே நேர்கோட்டில் சுமார் 415 கி.மீ. ரயில் பாதையோ ஏறக்குறைய 490 கி.மீ. பெரிய ஜெட் விமானம் மணிக்கு 800 கி.மீ. வேகத்தில் செல்லக்கூடியது. அப்படியானால் அரை மணியில் போய்ச் சேர வேண்டுமே என்று தோன்றும். ஆனால் ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வது, மேலே ஏறுவது, இறங்குவது, சென்னை வானில் முறைக்குக் காத்திருப்பது எல்லாம் சேர்ந்தே ஒன்றேகால் மணியாகிறது. மணிக்கு 500 கி.மீ. வேகமுள்ள சிறிய ஏ.டி.ஆர். விமானம் கூட, இந்தத் தூரத்துக்குக் கால் மணி நேரமே கூடுதலாக எடுக்கும். குறுகிய தூரத்தில் வேகத்தின் லாபம் குறைவு.

இனி வாசலிலிருந்து வாசல் வரை கணக்கிடுவோம். நகரிலிருந்து அவனியாபுரம் அருகிலுள்ள விமான நிலையம் செல்ல அரை மணி. புறப்பாட்டுக்கு ஒரு மணி முன்பே பதிவு முடிந்துவிடும் என்பதால், ஒன்றரை மணி முன்னதாகவே அங்கு இருக்க வேண்டும். பறப்பது ஒன்றேகால் மணி. இறங்கிப் பெட்டியை எடுக்க அரை மணி. மெட்ரோ ரயிலில் மண்ணடி சேர்ந்து, பாரிமுனைக் கடைக்கு நடக்க ஒரு மணி. ஆக மொத்தம் நாலே முக்கால் மணி.

2023 செப்டம்பரில் தொடங்கிய திருநெல்வேலி - சென்னை வந்தே பாரத் ரயில் மதுரையிலிருந்து சுமார் ஆறு மணி நேரத்தில் எழும்பூர் சேர்கிறது. வைகை விரைவு ரயிலுக்கு ஏழரை மணி ஆகும். வீட்டிலிருந்து நிலையம் செல்வதையும் எழும்பூரிலிருந்து கடைக்குப் போவதையும் கூட்டினாலும், விமானத்தால் மிச்சமாவது இரண்டு முதல் நான்கு மணி நேரமே. பாண்டியன் விரைவு ரயிலில் இரவு ஏறினால் விடியலில் சென்னை. மறு இரவே திரும்பலாம். கடை நேரத்தில் போக்குவரத்துக்கென்று ஒரு மணி கூட வீணாகாது. விடுதி வாடகையும் மிச்சம்.

இரு சிறு விமான நிலையங்களுக்கு இடையே நிலைமை இன்னும் வேறு. மதுரைக்கும் கோயம்புத்தூருக்கும் நேர்கோட்டில் 175 கி.மீ.தான். நேர் விமானம் கிடைக்காத நாளில் சென்னை வழியாகப் போனால் 415-ம் 405-ம் சேர்ந்து 820 கி.மீ. பறக்க வேண்டும், நடுவில் காத்திருப்பு வேறு. காரில் சாலை வழியே நாலைந்து மணியில் போய்விடலாம்.

அப்படியானால் விமானம் நமக்கு வேண்டாமா? வேண்டும். பகலில் திடீரென்று அழைப்பு வந்து அன்று மாலைக்குள் சந்திக்க வேண்டிய பேரம், வங்கிக் கெடு, வழக்கு விசாரணை போன்றவற்றுக்கு அதன் இரண்டு மணி மிச்சம் பொன்னானது. ஆனால் கட்டணத்தோடு இன்னும் இரண்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்று, திரும்பி வரும் கடைசி விமானத்தின் நேரம். அதைத் தவறவிட்டால் மிச்சம் பிடித்த நேரம் மறுநாளோடு போய்விடும். மற்றொன்று, சரக்கு மாதிரிகளின் எடை. உள்நாட்டுச் சாதாரணப் பயணச்சீட்டுக்குப் பொதுவாக 15 கிலோ பெட்டிதான் இலவசம். அதற்கு மேல் ஒவ்வொரு கிலோவுக்கும் தனிக் கட்டணம்.

சீட்டு வாங்குமுன் பறக்கும் நிமிடத்தைப் பார்க்காமல், கடையை விட்டுக் கிளம்பிக் கடைக்குத் திரும்பும் வரையான மணிகளைக் கூட்டிப் பாருங்கள். நமக்கு உண்மையான தூரம் அதுவே.