நாக்கு தளர்ந்தால் பேச்சு போய்விடாது

குழறிப் பேசுகிறவரைப் பார்த்ததும் நம் மனம் முதலில் போவது குடியின் பக்கம். காப்பித் தோட்டத்தில் காலை ஆள்கணக்கு எடுக்கும்போது ஒருவர் வாய் குழறி நின்றால், "ராத்திரி ஊத்தினது இன்னும் இறங்கலையா?" என்று சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவோம். அடுத்த சந்தேகம் புத்தி பிசகிவிட்டதோ என்பது. இரண்டுமே இல்லாமல், சொல்ல நினைப்பது தெளிவாக மனதில் இருந்தும் அதைச் சொல்லும் தசைகள் ஒத்துழைக்காத நிலை ஒன்று உண்டு. மருத்துவர்கள் அதை டிசார்த்ரியா என்பார்கள். சேர்வராயன் மலைக் கிராமங்களில் "நாக்கு தடிச்சுப்போச்சு", "வாய் கோணிப்போச்சு" என்று சொல்லும் பல நேரங்களில் பின்னால் இருப்பது இதுதான்.

பக்கவாதத்தில் வரும் இன்னொரு கோளாறு அஃபேசியா. அதில் தசை நன்றாக இருக்கும். சொல்தான் மனதில் அகப்படாது. இரண்டும் ஒருவருக்கே சேர்ந்தும் வரலாம். ஆனால் சிகிச்சை வேறு என்பதால் முதலிலேயே பிரித்தறிய வேண்டும்.

எது தளர்ந்திருக்கிறது?

பேச்சுக்கு நெஞ்சிலிருந்து மூச்சு வர வேண்டும்; குரல்நாண் அதிர வேண்டும்; உள்நாக்குப் பக்கமுள்ள மெல்லண்ணம் மேலே எழும்பி மூக்குப் பாதையைக் கதவுபோல் அடைக்க வேண்டும்; நாக்கும் உதடும் உரிய இடத்தைத் தொட வேண்டும். இவற்றில் எது தளர்ந்தாலும் பேச்சு கெடும். ஆனால் ஒவ்வொன்றும் கெடும் விதம் வேறு.

பேச்சு சிகிச்சையாளர் "பப்பப்பா", "தத்தத்தா", "கக்கக்கா" என்று வேகமாகச் சொல்லச் சொல்வது விளையாட்டுக்கல்ல. ப உதட்டுக்கு, த நாக்கு நுனிக்கு, க நாக்கின் பின்பகுதிக்குச் சோதனை. மெல்லண்ணம் எழும்பவில்லை என்றால் காற்று மூக்கு வழியே போய், "பாட்டி" என்பது "மாண்ணி" போலக் கேட்கும். மூக்குக்குக் கீழே ஒரு சின்னக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு "பாப்பா" என்று சொல்லச் சொன்னால் அதில் ஆவி படரும். நலமாக இருப்பவருக்குப் படராது.

அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த டார்லி, ஆரன்சன், பிரவுன் மூவரும் 1969-இல் வெளியிட்ட ஆய்வுகள்தான் இன்றும் அடிப்படை. காதால் கேட்டே கோளாறை வகை பிரிக்கலாம் என்று அவர்கள் காட்டினார்கள். நரம்பு பழுதாகித் தசை தொய்ந்தால் குரலில் காற்றும் மூக்கொலியும் கலக்கும். மூளையின் இரு பக்கப் பாதையும் அடிபட்டுத் தசை இறுகினால் குரல் நெரிந்து வரும். சிறுமூளை கெட்டால் தாளம் தப்பும். பார்க்கின்சன் நோயில் அசைவு சுருங்கி, குரல் முணுமுணுப்பாகிவிடும். எல்லோருக்கும் ஒரே வாய்ப்பயிற்சித் தாளை நகலெடுத்துக் கொடுப்பது ஏன் தவறு என்பது இதிலிருந்தே புரியும்.

திடீரென்று குழறினால்

நேற்றுவரை நன்றாகப் பேசியவருக்கு இன்று திடீரென்று வாய் குழறினால், வேறு நிரூபணம் ஆகும்வரை அது பக்கவாதம்தான். சிரிக்கச் சொல்லுங்கள், வாய் ஒரு பக்கம் இழுக்கிறதா? இரு கைகளையும் தூக்கச் சொல்லுங்கள், ஒன்று கீழே சரிகிறதா? ஒரு வாக்கியம் சொல்லச் சொல்லுங்கள். ஒன்று தவறினாலும் 108-ஐ அழைக்க வேண்டும்.

ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கும் முன்பு, மூளையில் அடைப்பா ரத்தக்கசிவா என்று சி.டி. ஸ்கேன் பார்த்தாக வேண்டும். நாகலூரிலிருந்தோ அதற்கும் அப்பாலுள்ள ஊரிலிருந்தோ ஏற்காடு வந்து, 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அடைவதற்குள் அந்த நேரத்தில் ஒரு பெரும் பங்கு போய்விடும். "சூடா காப்பி குடிச்சுட்டுக் கொஞ்சம் படு, சரியாயிடும்" என்பதற்கு மலையில் இருப்பவருக்கு அவகாசமே இல்லை. அந்தக் காப்பியைக் கொடுக்கவும் கூடாது. பேச்சுத் தசை தளர்ந்தவருக்கு விழுங்கும் தசையும் தளர்ந்திருக்கலாம், புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும்.

முகத்தில் ஒரு பக்கம் மட்டும் தொய்ந்து, கண் மூட முடியாமல், நெற்றியும் சுருங்காமல் போனால் அது பெல்ஸ் பால்சி ஆகவும் இருக்கலாம். பெரும்பாலோர் குணமாகிவிடுவார்கள், ஸ்டீராய்டு மாத்திரையை மூன்று நாளுக்குள் தொடங்கினால் நல்லது. ஆனால் எது எது என்று வீட்டிலிருந்தபடி முடிவு செய்யாதீர்கள்.

மெல்ல மங்கும் பேச்சு

காலையில் தெளிவாகப் பேசி, மாலையில் குரல் மூக்கில் போய், பேசப் பேசத் தேய்கிறதா? இமையும் சரிகிறதா? மயஸ்தீனியா கிராவிஸ் என்ற நோயின் அடையாளம் அது. நரம்பு அனுப்பும் செய்தியைத் தசை வாங்க முடியாமல் போவதுதான் கோளாறு. பைரிடோஸ்டிக்மின் மாத்திரையும் நோய் எதிர்ப்பாற்றலின் அத்துமீறலை அடக்கும் மருந்துகளும் பேச்சை நன்றாகவே மீட்டுத் தரும். இவரைப் போய் "நாக்குக்கு நிறையப் பயிற்சி குடு" என்று விரட்டினால் தளர்ச்சிதான் கூடும். இவருக்கு ஓய்வே சிகிச்சையின் ஒரு பகுதி.

நம் ஊர்ப் பெயரையே தாங்கிய நோயும் ஒன்று உண்டு. 1970-இல் மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், ராமமூர்த்தி ஆகிய மருத்துவர்கள் சென்னையில் கண்டு எழுதிய 'மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய்'. தசையை இயக்கும் நரம்பணுக்கள் நலியும் இந்த நோய் பெரும்பாலும் தென்னிந்தியாவில், இளம் வயதிலேயே தொடங்குவது. கைகால் மெலியும், முகமும் நாக்கும் தளரும், கூடவே காதும் மந்தமாகும். மற்ற மோட்டார் நியூரான் நோய்களைவிட மிக மெதுவாக நகர்வதால், இவர்கள் பல்லாண்டுகள் வாழ்கிறார்கள். அத்தனை ஆண்டும் பேச வேண்டியிருக்கிறது என்பதால், இவர்களுக்குப் பேச்சு சிகிச்சை ஆடம்பரமே அல்ல. காது கேட்கும் கருவியும் அதன் ஒரு பாதி.

பலூன் ஊதினால் பேச்சு வருமா?

வராது என்றுதான் சொல்வேன். பலூன் ஊதுவது, நாக்கை நீட்டி மடக்குவது, கன்னத்தை உப்புவது எல்லாம் அந்த அசைவுகளை வளர்க்கலாம். அவை பேச்சாக மாறுவதற்கு ஆதாரம் மிகக் குறைவு. பேச்சைப் பேசித்தான் மீட்க வேண்டும்.

நல்ல சிகிச்சையாளர் அந்த மனிதரின் அன்றாடத்திலிருந்தே சொற்களை எடுப்பார். மலையில் இருப்பவருக்கு மிளகு, காப்பி, ஆரஞ்சுப்பழம், பேரப்பிள்ளைகளின் பெயர். ஒரு மூச்சில் முழு வாக்கியத்தையும் முடிக்க முயலாமல், "நாளைக்கு... சேலம்... போகணும்" என்று மூச்சுக்கு மூச்சு நிறுத்திச் சொல்லக் கற்றுத் தருவார். வேகத்தைக் குறைத்தாலே பலரின் பேச்சு புரிய ஆரம்பித்துவிடும். சொல்லின் கடைசி எழுத்தை விழுங்காமல் அழுத்திச் சொல்ல வேண்டும். விரலால் மேசையைத் தட்டியபடி அசைக்கு அசை பேசுவதும் உதவும்.

மெல்லண்ணம் மட்டும் தளர்ந்தவருக்குப் பல் மருத்துவர் செய்து தரும் அண்ணத் தாங்கி உண்டு. பல்செட் தகட்டின் பின்புறம் ஒரு நீட்சி இருக்கும். அது அண்ணத்தை மேலே தூக்கிப் பிடிக்கும். குமட்டாமல் பழகிக்கொண்டவருக்கு நல்ல பலன்.

பார்க்கின்சனுக்கு எல்.எஸ்.வி.டி. லவுட் என்ற முறை. ஒரே கட்டளைதான்: உரக்கப் பேசு. வாரம் 4 நாள், 4 வாரம், மொத்தம் 16 அமர்வு. பிரிட்டனில் 388 பேரிடம் நடந்து 2024-இல் வெளியான ஆய்வில் வழக்கமான பேச்சு சிகிச்சையைவிட இது மேலாக நின்றது. பக்கவாதத்துக்குப் பிந்திய குழறலுக்கு இவ்வளவு உறுதியான சான்று இன்னும் இல்லை. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் குழு 2017-இல் தேடியபோது கிடைத்தவை 5 சிறு ஆய்வுகள், 234 பேர். சிகிச்சை வீண் என்று இதற்குப் பொருளில்லை. "21 நாளில் பழைய பேச்சு" என்று விளம்பரம் செய்பவரிடம் பணம் கட்டாதீர்கள் என்பதே பொருள்.

வசம்பு

பேச்சு வர நாக்கில் வசம்பு உரைத்துத் தடவுவது நம் பாட்டிமார் வழக்கம். பழக்கத்தை இகழ வேண்டியதில்லை. ஆனால் நரம்பு தளர்ந்ததால் வந்த குழறலை வசம்பு தீர்க்காது, அதிலுள்ள அசரோன் என்ற பொருள் நச்சுத்தன்மை உடையது. தேனில் குழைத்து ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கொடுப்பது இன்னும் மோசம். தேனிலிருக்கும் நுண்ணுயிரி விதை பாட்யுலிசம் என்ற நோயைத் தரலாம். அந்த நோய் செய்வதே தசையைத் தளர்த்துவதுதான்.

கேட்பவருக்கும் பயிற்சி

டி.வி.யை நிறுத்திவிட்டு, முகம் பார்த்து உட்காருங்கள். எதைப் பற்றிப் பேசப்போகிறார் என்று முதலில் ஒரு சொல்லில் சொல்லச் சொல்லுங்கள். மீதி தானே புரியும். புரியாதபோது தலையாட்டாதீர்கள். அது அவருக்குத் தெரியும், பேசும் ஆசையே போய்விடும். "சந்தைக்கு என்று புரிந்தது, யாரோடு?" என்று புரியாத துண்டை மட்டும் கேளுங்கள்.

ஓர் அட்டையில் எழுத்துகளை எழுதி வைக்கலாம். 247-உம் தேவையில்லை, 12 உயிரும் 18 மெய்யும் போதும். ஒவ்வொரு சொல்லுக்கும் முதல் எழுத்தைத் தொட்டுக்கொண்டே பேசினால் வேகமும் குறையும், கேட்பவருக்குத் துப்பும் கிடைக்கும். பேச்சே போனவர்களுக்குப் படம் தொட்டால் குரல் தரும் செயலிகள் உள்ளன. சென்னையில் அஜித் நாராயணன் உருவாக்கிய 'ஆவாஸ்' மூளை முடக்குவாதக் குழந்தைகளுக்காகப் பிறந்தது, வித்யாசாகர் பள்ளியோடு சேர்ந்து வளர்ந்தது, தமிழிலும் பேசும்.

மலைக்கு மேலே

பேச்சு சிகிச்சையாளர் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்றவரா என்று கேட்டுவிட்டே சேருங்கள். குழந்தைகளுக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இயங்கும் இடையீட்டுச் சேவை மையங்கள் உண்டு. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் பட்டியலிடும் 21 குறைபாடுகளில் பேச்சு மற்றும் மொழிக் குறைபாடும் ஒன்று; நிரந்தரமாகிவிட்டால் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம்.

ஆனால் கூலி வேலைக்காரர் ஒருவர் வாரம் 4 நாள் மலையிறங்கிப் பயிற்சிக்குப் போவது நடக்கிற காரியமா? ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போகும், துணைக்கு வருபவரின் கூலியும் போகும். 34 பேரிடம் ஆஸ்திரேலியாவில் நடந்து 2011-இல் வெளியான ஆய்வு, எல்.எஸ்.வி.டி. பயிற்சியைக் காணொளி வழியே தந்தாலும் நேரில் தருவதற்குக் குறைவில்லை என்று காட்டியது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீடு தேடி வருகிறார். அவர் வரும் அதே நாளில், அவரது கைபேசியிலேயே சேலத்திலிருக்கும் பேச்சு சிகிச்சையாளர் அரைமணி நேரம் பேசினால் போதும். சிக்னல் கிடைக்காத ஊர்களுக்கு ஏற்காடு அரசு மருத்துவமனையில் ஓர் அறையும் ஒரு திரையும் வேண்டும். சுகாதாரத் துறை இதைச் சேர்வராயன் மலையிலேயே முதலில் செய்து பார்க்கட்டும்.