கடிவாளம் இழந்த புரதம்

தேகத்தை ஒரு ராஜ்யத்துக்கு ஒப்பிட்டால், உயிரணுக்களே அதன் பிரஜைகள். எந்த அணு பெருகலாம், எது ஓய வேண்டும் என்று கட்டளை கொண்டு செல்வன சில புரதங்கள். அவற்றுள் ஏபிஎல் என்பதன் சரித்திரத்தை நமது வாசகர்கள் அறிவது அவசியமென்று கருதுகிறோம்.

பாஸ்பேட் என்னும் பொருளை எடுத்து, மற்றப் புரதங்களின் மீது முத்திரை போல் பதிப்பதே ஏபிஎல்லின் தொழில். முத்திரை பெற்றவை விழித்து, பெருகும்படி அணுவைத் தூண்டும். இவ்வதிகாரம் சதா நடந்தால் ஆபத்தன்றோ? ஆதலால், இப்புரதத்தின் நுனியிலுள்ள கொழுப்புத் துணுக்கு அதன் உடலிலுள்ள குழியொன்றில் பதிந்து, அதைக் கடிவாளம் போல் அடக்கி வைக்கிறது.

1960-ம் வருஷத்தில் பிலடெல்பியா நகரத்தில் நோவெல், ஹங்கர்போர்டு என்ற இருவர், க்ரானிக் மைலாய்டு லுகேமியா என்னும் ரத்தப் புற்றுநோய் கண்டவர்களிடம் குறுகிய குரோமோசோம் ஒன்றைக் கண்டனர். 9-வது, 22-வது குரோமோசோம்கள் துண்டு மாறி ஒட்டியதன் விளைவே அது என்று 1973-ல் சிகாகோவின் ஜேனட் ரௌலி அம்மையார் காட்டினார். இம்மாற்றத்தில் ஏபிஎல் தன் நுனியை இழந்து, பிசிஆர் என்னும் வேறொரு புரதத்தோடு பிணைகிறது. கடிவாளம் போயிற்று, கட்டளை ஓய்வதில்லை, வெள்ளணுக்கள் கணக்கின்றிப் பெருகுகின்றன.

2001-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இமாடினிப் என்னும் மருந்து, இப்புரதம் பாஸ்பேட்டைப் பெறும் இடத்தில் புகுந்து அதை முடக்குகிறது. சில வருஷங்களே வாழ்வர் என்று கருதப்பட்டவர்களில் அநேகர் இதனால் நீண்ட ஆயுளைப் பெற்றனர். புரதத்தின் 315-வது இடம் மாறியவர்களிடம் இம்மருந்து பலிப்பதில்லை. 2021-ல் அனுமதி பெற்ற அசிமினிப், இழந்த கடிவாளம் பதிந்திருந்த அதே குழியில் அமர்ந்து, அவர்களுக்கும் உதவுகிறது. இயற்கையின் வழியையே மனிதன் கற்றுக்கொண்டான்.

நிற்க. மருந்து பிறந்தால் போதுமா? 2013 வாக்கில் நோவார்ட்டிஸ் கம்பெனியின் இமாடினிப்புக்கு நம் நாட்டில் மாதம் சுமார் 1,20,000 ரூபாய் விலை இருந்தது. இந்தியக் கம்பெனிகளுடையதற்கோ அப்போது சுமார் 10,000 ரூபாய்தான். இம்மருந்தின் புதிய படிக வடிவத்துக்குக் கோரிய பேடண்டை 2006-ல் சென்னை பேடண்ட் ஆபீஸ் மறுத்தது. தெரிந்த பொருளின் புது வடிவம், நோயைத் தீர்ப்பதில் மேலான பலன் தந்தாலன்றி பேடண்டுக்கு உரியதன்று என்று 2013 ஏப்ரல் 1-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டும் தீர்ப்பளித்தது.

கண்டுபிடித்தவனுக்கு வெகுமதி வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அளவு மீறிய உரிமை எதுவும், கடிவாளம் இழந்த புரதம் போல், தான் வாழும் தேகத்தையே அழிக்கும். பேடண்ட் சட்டத்தின் 3(டி) பிரிவே அந்தக் கடிவாளம். அதைத் தளர்த்தும் முயற்சி எத்திசையிலிருந்து வரினும் விழித்திருந்து எதிர்ப்பது பொதுஜனங்களின் கடமையாகும்.