பல் உறையும் மயிரிழைப் பிசகும்

மருதமுனைத் தறியில் ஓரிழை பிசகினும் துணி அதனைக் காட்டிக்கொடுக்கும். சிதைந்த பல்லின்மேற் பொருத்தும் உறையோ பிசகை ஈறோரத்தில் மறைத்துவிடும்.

1985 இல் சூரிச் நகரில் வேர்னர் மோர்மன் கணினி கொண்டு கடைந்த பீங்கான் நிரப்பியைப் பல்லிற் பதித்தார். இன்று முழு உறையும் அவ்வாறே ஆகின்றது. சிர்க்கோனியா என்னும் வெண்பீங்கான் சூளையில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு சுருங்கும். அதற்கீடாகக் கணினி அதனை முன்னரே பெரிதாக வகுக்கும். ஆயினும், வாயைப் படம்பிடிக்கையில் உமிழ்நீரோ குருதியோ பல்லின் விளிம்பை மறைத்தால் அக்கணக்குப் பிழைக்கும்.

0.12 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட இடைவெளியைப் பல் வைத்தியர் பொதுவாக ஏற்பதில்லை. அவ்வழியே கிருமி புகுந்து எஞ்சிய பல்லையும் அரிக்கும். சரிவர அமராத உறை கடிக்கையில் உயர்ந்து தட்டும். ஆதலின், கல்முனைக் கரையில் வாழும் நாம், ஒட்டுமுன் உணரும் உறுத்தலை நாணாது வைத்தியரிடம் கூறுவோமாக!