மூன்று சிப்பாய், இரண்டு ராஜா

புதுச்சேரியின் பாகூர் கொம்யூனில் ஒரு பள்ளித் தாழ்வாரம். சதுரங்கப் பலகையை விரித்தபடி ஒரு பையன் கேட்டான்: “குகேஷ் அன்னைக்கு எந்த ஓப்பனிங் ஆடி ஜெயிச்சாரு சார்? அதை நான் மனப்பாடம் பண்ணிக்கிறேன்.”

நம் ஊர்ப் பிள்ளைகள் பலரும் கேட்கும் கேள்விதான்.

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலக சாம்பியன் போட்டியில் 13 ஆட்டங்கள் முடிந்து இந்தியாவின் குகேஷும் சீனாவின் டிங் லிரெனும் ஆறரைக்கு ஆறரை. கடைசி ஆட்டத்தில் டிங்குக்கு வெள்ளைக் காய். டிரா ஆனால் மறுநாள் டைபிரேக்; அந்த வேக ஆட்டத்தில் டிங் கைதான் ஓங்கும் என்று பலரும் கணித்தார்கள்.

டிங் முதலில் குதிரையை எடுத்தார். பிறகு மந்திரியை நீண்ட மூலைவிட்டத்தில் நிறுத்தினார். குகேஷ் சிப்பாய்களை நடுவே ஏற்றினார். கறுப்புக்காரர்கள் ஆடும் குருன்ஃபெல்ட் தற்காப்பை வெள்ளையில், ஒரு நகர்த்தல் லாபத்தோடு ஆடுகிற முறை இது. நல்ல ஓப்பனிங்தான். ஆனால் ஆட்டம் அங்கே தீரவில்லை. 30ஆவது நகர்த்தலில் ராணிகள் வெட்டுப்பட்டன. குகேஷிடம் ஒரு சிப்பாய் அதிகம், அவ்வளவுதான். டிரா என்றே எல்லோரும் நினைத்தார்கள். அந்தப் பிள்ளை மட்டும் விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தது.

55ஆவது நகர்த்தலில் டிங் யானைக்கு யானை வெட்டக் கொடுத்தார். அவருடைய மந்திரியோ மூலைக் கட்டத்தில் நின்றது. குகேஷ் யானையை வெட்டினார்; டிங்கின் ராஜா திருப்பி வெட்டியது. உடனே குகேஷ் தன் மந்திரியைக் கொண்டுபோய் அதே மூலைவிட்டத்தில் எதிரே வைத்தார். டிங்கின் மந்திரிக்குப் பாதுகாப்பாக ஒதுங்க ஒரு கட்டம்கூட இல்லை. மந்திரிகளும் போயின. மிச்சம் இரண்டு ராஜா, குகேஷுக்கு இரண்டு சிப்பாய், டிங்குக்கு ஒன்று. 58ஆவது நகர்த்தலோடு டிங் தோல்வியை ஒப்புக்கொண்டார். 18 வயதில் உலக சாம்பியன். அதுவரை காஸ்பரோவ் 22 வயதில் வென்றதே சாதனை.

அந்த ஆட்டத்தின் கடைசி நிலையைப் பலகையில் அடுக்கிக் காட்டினேன். “இவ்வளவு காய்தானா சார்?” என்றான் பையன். கறுப்பு ராஜாவை அவனே நகர்த்தினான். நான்கைந்து தடவை தவறவிட்டான். அதன்பின் சிப்பாயை ராணியாக்கிவிட்டு நிமிர்ந்து பார்த்தான்.

உலக சாம்பியனாக இருந்த கபாபிளாங்கா 1921இல் எழுதிய சதுரங்கப் பாடநூலே எளிய முடிவாட்டங்களில், அதாவது சில காய்களே மிஞ்சும் கடைசிக் கட்டத்தில்தான் தொடங்குகிறது. ஓப்பனிங் படிக்கக் கணினி வேண்டும், பயிற்சியாளருக்குக் கட்டணம் வேண்டும். முடிவாட்டத்துக்கு ஒரு பலகை போதும். வில்லியனூர், பாகூர் ஆசிரியர்களே, பெற்றோரே, பிள்ளைகளுக்கு அதை முதலில் சொல்லிக்கொடுங்கள். 55ஆவது நகர்த்தலிலிருந்தே தொடங்கலாம்.