பழுப்பு நிலக்கரியும் ருஷ்ய எழுத்தும்



நம்ம மந்தாரக்குப்பத்தில் யாரைக் கேட்டாலும் நெய்வேலியின் கதையைச் சொல்லுவாங்க. ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டும்போது கரி வந்தது, காமராஜர் பாடுபட்டது, 1957-இல் நேரு வந்து சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தது என்று வரிசையாக வரும். ஆனால் அந்தக் கரியை முதன்முதலில் மின்சாரமாக்கிய இயந்திரங்கள் எந்த மொழியில் எழுதப்பட்டு வந்தன என்று கேட்டால் பாதிப் பேர் முழிப்பாங்க. சுரங்கத்தைத் தோண்டியது ஜெர்மன் இயந்திரம். கரியை எரித்தது ருஷ்ய பாய்லர்.

1957-இல் சோவியத் யூனியன் நம் நாட்டுக்குத் தர ஒப்புக்கொண்ட கடனுதவியில் வந்ததுதான் முதல் அனல் மின் நிலையம். 1962-இல் 50 மெகாவாட்டில் முதல் யூனிட் ஓடியது. பிறகு 50 மெகாவாட்டில் ஆறு, 100 மெகாவாட்டில் மூன்று என்று ஒன்பது யூனிட்டுகள், மொத்தம் 600 மெகாவாட். 2020-இல் அது முழுவதுமாக நிறுத்தப்பட்டது. ஐம்பத்தெட்டு வருஷம்! இன்றைக்கு வாங்கும் மிக்சி ஐந்து வருஷம் ஓடினாலே நாம் பெருமைப்படுகிறோம்.

ருஷ்யர்களை ஏன் கூப்பிட்டாங்க? கடனும் அரசியலும் மட்டும் காரணமில்லை. நம்ம கரி சாதாரணக் கரி அல்ல. அதில் ஏறத்தாழ பாதி எடை ஈரம். அடுப்பில் பச்சை விறகை வைத்த மாதிரி. அதை அப்படியே எரித்தால் வெப்பத்தில் பெரும்பங்கு தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும், தீயும் நிலையாக நிற்காது. அதனால் உலைக்குள்ளிருந்தே சூடான வாயுவை இழுத்து, அரைவை ஆலையில் கரியை அரைக்கும்போதே உலர்த்தி உள்ளே ஊத வேண்டும். பாய்லரும் உயரமாக, விசாலமாக இருக்க வேண்டும். மாஸ்கோவைச் சுற்றிலும் இதே இனக் கரிதான் கிடைக்கிறது. 1922-இல் திறக்கப்பட்ட காஷிரா மின் நிலையம் அந்த மட்டமான கரியை எரிக்கவே கட்டப்பட்டது. மட்டமான எரிபொருளோடு நாற்பது வருஷம் மல்லுக்கட்டிய அனுபவம் அவர்களிடம் இருந்தது. அந்த அனுபவம் முழுக்க ருஷ்ய மொழியில் எழுதப்பட்டிருந்தது.

ஒரு வேடிக்கை கேளுங்கள். ஆங்கிலத்தில் லிக்னைட் என்கிறோம், அது விறகு என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ருஷ்யர்கள் சொல்வது 'பூரிய் ஊகல்'. 'பூரிய்' என்றால் பழுப்பு, 'ஊகல்' என்றால் நிலக்கரி. அப்படியே நம்ம 'பழுப்பு நிலக்கரி'!

என் பெரியப்பா அந்த நிலையத்தில் பாய்லர் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஐ.டி.ஐ. படிப்புதான். ஆனால் ருஷ்ய எழுத்தைக் கூட்டிப் படிப்பார். நான் டிப்ளமோ சேர்ந்த புதிதில் ஒரு தாளில் ஐந்து எழுத்து எழுதிக் காட்டி, "டேய் தம்பி, பெரிய படிப்பு படிக்கிறியே, இதைப் படி பாக்கலாம்" என்றார். எச், ஏ, சி, ஓ, சி என்று இருந்தது. "ஹாகாக்" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார். ருஷ்யத்தில் 'எச்' போலிருப்பது 'ந', 'சி' போலிருப்பது 'ஸ'. ஆக அது 'நசோஸ்', அதாவது பம்ப். "பெயர்ப் பலகையைப் படிக்கத் தெரியாதவன் வால்வைத் திறந்தான்னா என்ன ஆகும்?" என்று கேட்டார்.

இரும்புக்கும் அப்படித்தான். சோவியத் நீராவிக் குழாய்களில் பரவலாகப் பயன்பட்ட ஓர் எஃகின் பெயர் 12, எக்ஸ், 1, எம், கடைசியில் நாம் விட்டத்துக்குப் போடும் வட்டமும் கோடுமான குறி. பார்த்தால் ஏதோ ஸ்டோர் நம்பர் மாதிரி இருக்கும். படிக்கத் தெரிந்தால் எஃகின் ஜாதகமே அதில் இருக்கிறது. 12 என்றால் கார்பன் 0.12 சதவீதம். 'எக்ஸ்' ருஷ்யத்தில் 'ஹ', அதாவது ஹ்ரோம், நம்ம குரோமியம், சுமார் 1 சதவீதம். 'எம்' மாலிப்டினம். கடைசிக் குறி 'ஃப', அது வனேடியம். ஐந்நூறு டிகிரிக்கு மேல் அழுத்தத்தில் நிற்கும் குழாய் வருஷக்கணக்கில் மெல்ல மெல்ல நீளும், இதைத்தான் க்ரீப் என்று படிக்கிறோம். அதைத் தடுக்கத்தான் இந்த மூன்று உலோகங்களும். பெயரைப் படிக்கத் தெரியாமல் வேறு எஃகை வெல்டிங் வைத்தால் குழாய் உடனே வெடிக்காது. சில வருஷம் கழித்து, யாரும் எதிர்பார்க்காத ஷிஃப்டில் வெடிக்கும்.

இப்போது நம் பாடத்துக்கு வருவோம். ஹைட்ராலிக்ஸ் தாளில் 'வாட்டர் ஹேமர்' படித்திருப்பீர்கள். வேகமாக ஓடும் தண்ணீரை வால்வைச் சட்டென்று மூடி நிறுத்தினால் குழாய்க்குள் சம்மட்டி அடி மாதிரி விழும். இதைக் கணக்குக்குள் கொண்டு வந்தவர்களில் முக்கியமானவர் நிகலாய் ஷுக்கோவ்ஸ்கி. மாஸ்கோ நகரத்துக் குடிநீர்க் குழாய்கள் அடிக்கடி வெடித்தன. அவர் நீண்ட குழாய்களைப் பதித்துச் சோதனை செய்து 1898-இல் முடிவை வெளியிட்டார். அழுத்த உயர்வு என்பது நீரின் அடர்த்தி, குழாயில் அலை ஓடும் வேகம், நிறுத்தப்பட்ட நீரோட்டத்தின் வேகம் ஆகிய மூன்றின் பெருக்கல். நீங்களே போட்டுப் பாருங்கள். அடர்த்தி 1000, இரும்புக் குழாயில் அலை வேகம் சுமார் 1200 மீட்டர், நீரோட்டம் விநாடிக்கு வெறும் 2 மீட்டர். பெருக்கினால் 24 லட்சம் பாஸ்கல், அதாவது சதுர செ.மீ.க்கு ஏறக்குறைய 24 கிலோ! குழாயில் ஏற்கெனவே இருக்கும் அழுத்தத்தோடு இதுவும் சேரும். நெய்வேலியில் கரிப்படுகைக்குக் கீழே ஊற்றுநீர் மேல்நோக்கி முட்டிக்கொண்டு இருக்கிறது. அதை ராப்பகலாக இறைத்தால்தான் சுரங்கம் நிற்கும். கரண்ட் போய்ப் பம்ப் திடீரென்று நின்றாலும் இதே மாதிரி அழுத்த அலை கிளம்பும். ஆகவே இது நம்ம ஊர் சமாச்சாரம். அந்தக் கட்டுரை 1904-இல் ஆங்கிலமானது. அதனால்தான் நம் புத்தகத்தில் 'ஜௌகௌஸ்கி' என்று வாயில் நுழையாத பெயரில் அவர் உட்கார்ந்திருக்கிறார்.

எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. பரீஸ் பெலவூசவ் என்ற வேதியியலாளர், உயிரணுவில் நடக்கும் கிரெப்ஸ் சுழற்சியைச் சோதனைக் குழாயில் காட்ட முயன்றார். சிட்ரிக் அமிலம், புரோமேட், சீரியம் உப்பு கலந்த கரைசல் மஞ்சளாகிறது, நிறமற்றுப் போகிறது, மறுபடியும் மஞ்சளாகிறது. கடிகாரம் மாதிரி! 1951-இல் கட்டுரை அனுப்பினார். "இது நடக்கவே நடக்காது" என்று திருப்பி விட்டார்கள். வெறுத்துப் போனவர், 1959-இல் கதிரியக்க மருத்துவம் பற்றிய ஒரு தொகுப்பில் சிறு குறிப்பாகப் போட்டு விட்டுவிட்டார். ஷபதின்ஸ்கி என்ற இளைஞர் 1960-களில் அதைத் தொடர்ந்த பிறகே உலகம் கண் திறந்தது. இதயத் துடிப்பின் அலைகளைப் புரிந்துகொள்ள இந்தக் கரைசல் இப்போது மாதிரியாக இருக்கிறது. 1980-இல் லெனின் பரிசு கொடுத்தார்கள். பெலவூசவ் 1970-லேயே போய்விட்டார்.

இதற்கு நேர்மாறான கதை பியோத்தர் உஃபிம்செவ் உடையது. கூர்மையான விளிம்பில் மோதும் ரேடியோ அலை எப்படிச் சிதறும் என்று 1962-இல் மாஸ்கோவில் ஒரு புத்தகம் எழுதினார். கடையில் கிடைத்த புத்தகம்தான். அமெரிக்க விமானப்படை அதை 1971-இல் மொழிபெயர்த்து வைத்தது. லாக்ஹீட் கம்பெனியின் ஒரு பொறியாளர் அதைப் படித்து, எந்த வடிவம் ரேடாரில் குறைவாகத் தெரியும் என்று கணிக்க முடியும் எனக் கண்டார். ரேடாருக்குத் தப்பும் எஃப்-117 விமானம் 1981-இல் பறந்தது. எதிரியின் மொழியைப் படிக்க ஆள் வைத்தவனுக்கு விமானம் கிடைத்தது.

நம்ம திருச்சியில் பிறந்த சர் சி. வி. ராமனும் இந்தக் கதையில் இருக்கிறார். 1928 பிப்ரவரியில் அவரும் கிருஷ்ணனும் கல்கத்தாவில் திரவங்களில் கண்ட ஒளிச்சிதறலை, அதே மாதம் மாஸ்கோவில் லாந்ஸ்பெர்கும் மந்தெல்ஷ்தாமும் படிகங்களில் கண்டார்கள். ராமன் உடனே அறிவித்து, ஆங்கிலத்தில் நேச்சர் இதழுக்கும் எழுதினார். மாஸ்கோக்காரர்களின் கட்டுரை வர ஜூலை ஆகிவிட்டது. 1930-இல் நோபல் பரிசு ராமனுக்கு. இன்றும் ருஷ்யப் புத்தகங்களில் இதற்குப் பெயர் 'கூட்டுச் சிதறல்' என்ற பொருள்படும் சொல்தான். கோபமோ கொள்கையோ, அது அவர்கள் பாடு!

விண்வெளியில் ருஷ்யத் தொடர்பு எல்லோருக்கும் தெரியும் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். 'ஸ்புட்னிக்' என்றால் வழித்துணை என்று பொருள். 1957 நவம்பரில் பறந்த இரண்டாம் ஸ்புட்னிக்கில் வெர்னவ் என்பவரின் கதிர் எண்ணி இருந்தது. ஆனால் அது அனுப்பிய தகவல் அவர்கள் நாட்டு மேலே வரும்போது மட்டுமே அவர்களுக்குக் கிடைத்தது. தென்கோளத்தில் உயரப் பறந்தபோது கண்டது கைக்கு வரவில்லை. பூமியைச் சுற்றிய கதிர்வீச்சு வளையத்துக்கு மறு வருஷம் வான் ஆலன் என்ற அமெரிக்கர் பெயர் வந்தது. நம் ஆர்யபட்டா 1975 ஏப்ரல் 19-இல் கபூஸ்தின் யாரிலிருந்து போனது.

கிரையோஜெனிக் எஞ்சின் கதையைத்தான் நாம் நிறுத்திப் படிக்க வேண்டும். 1991-இல் ருஷ்ய நிறுவனத்தோடு ஒப்பந்தம் ஆனது. எஞ்சினோடு தொழில்நுட்பமும் வரவேண்டும். அமெரிக்கா நெருக்கியதால் 1993-இல் தொழில்நுட்பம் நின்றுபோனது. எஞ்சின் வந்தது, செய்முறை வரவில்லை. சொந்த கிரையோ எஞ்சின் ஜி.எஸ்.எல்.வி.யை வெற்றிகரமாகத் தூக்கியது 2014 ஜனவரி 5-இல். மகேந்திரகிரியில் நம்மவர்கள் சோதித்துச் சோதித்துக் கற்ற பாடம் அது. இரும்பைக் கொடுத்துவிட்டு ஏட்டை நிறுத்திக்கொண்டால் எத்தனை வருஷம் போகும் என்பதற்கு இதைவிட நல்ல கணக்கு இல்லை.

ருஷ்யாவில் எழுதியதெல்லாம் வேதம் என்று நான் சொல்ல வரவில்லை. பயிர்களின் பிறப்பிடங்களைத் தேடி உலகம் சுற்றி விதை சேர்த்த வவீலவ், இந்தியாவையும் அப்படி ஒரு பிறப்பிடமாகக் குறித்தவர், 1943-இல் சிறையில் மாண்டார். அவரைப் பழித்த லிசென்கோ அரசின் ஆதரவோடு 1948-இல் மரபியலையே துரத்தினார். மெண்டல் விதி அங்கே திரும்பி வர 1960-களின் நடுப்பகுதி ஆனது. பாய்லர் வல்லுநர் ராம்சினைக்கூட 1930-இல் தேசத்துரோகி என்று சிறையில் போட்டார்கள். டிரம் இல்லாத பாய்லரை அவர் காவலில் இருந்தபடிதான் வடிவமைத்தார். அப்புறம் அதே அரசு பரிசும் கொடுத்தது. என்னத்தைச் சொல்ல!

இவ்வளவும் நமக்கு எப்படி வந்து சேர்ந்தது? மாஸ்கோவின் மீர் பதிப்பகம் அறிவியலை ஆங்கிலத்தில் மட்டுமல்ல, தமிழிலும் அச்சிட்டது. 'மீர்' என்றால் உலகம், அமைதி என்று இரண்டு பொருள். நம்மவர்கள் மாஸ்கோவிலேயே குடியிருந்து மொழிபெயர்த்தார்கள். பூர்ணம் சோமசுந்தரம் அவர்களில் ஒருவர். நியூ செஞ்சுரி புத்தக நிறுவனம் அவற்றை வேனில் ஏற்றி ஊர் ஊராக விற்றது. கெட்டி அட்டை, நல்ல தாள், விலையோ ஒரு சினிமா டிக்கெட்டை ஒட்டித்தான் இருந்தது என்று பெரியப்பா சொல்லுவார். அவர் வாங்கிய பெரெல்மானின் பௌதிகப் புத்தகம் இப்போது என்னிடம். ரயிலில் குதித்தால் ஏன் பின்னால் விழுவதில்லை என்பது மாதிரிக் கேள்விகளால் பாடம் நடத்திய அந்த மனிதர், 1942-இல் லெனின்கிராட் முற்றுகையில் பட்டினியால் இறந்தார். 1991-இல் சோவியத் யூனியன் கலைந்தது, தமிழ்ப் புத்தகங்களும் நின்றன. இப்போது பழைய புத்தகக் கடையில் தேட வேண்டியிருக்கிறது. ஒரு அரசின் கொள்கைக்காக வந்த புத்தகம் அந்த அரசோடு போய்விட்டது. நமக்கு வேண்டும் என்று நாமே மொழிபெயர்த்திருந்தால் போயிருக்காது என்பது என் எண்ணம்.

முதல் அனல் மின் நிலையம் நின்றுவிட்டதே, இனி எதற்கு ருஷ்யம் என்று வகுப்பில் ஒருவன் கேட்டான். கூடங்குளத்தைக் காட்டினேன். அங்கே 1, 2 அலகுகள் ஓடுகின்றன. 3, 4-க்கான கட்டுமானம் 2017-இலும், 5, 6-க்கான கட்டுமானம் 2021-இலும் தொடங்கியது. எல்லாம் ருஷ்ய வடிவமைப்பு. டிப்ளமோ முடித்தவர்களுக்கும் அங்கே வேலை உண்டு. அந்த உலைக்கு நான்கெழுத்துப் பெயர். முதல் இரண்டும் ஆங்கில 'பி' போல இருக்கும், படிக்க வேண்டியது 'வ'. மூன்றாவது, திரும்பி நிற்கும் 'ஈ'. கடைசி 'பி' போல இருக்கும், அது 'ர'. ஆங்கிலத்தில் வி.வி.ஈ.ஆர். என்று எழுதுகிறார்கள். 'வ' என்பது 'வதா', அதாவது தண்ணீர். ஏன் இரண்டு தடவை? வேகமாக ஓடும் நியூட்ரானை மட்டுப்படுத்துவதும் தண்ணீர், உலையின் சூட்டை வெளியே எடுத்து வருவதும் தண்ணீர். மூன்றாவது எழுத்து ஆற்றல், நான்காவது ரியாக்டர். ருஷ்யத்தில் மொத்தம் 33 எழுத்து. நம்ம 247-ஐப் படித்தவர்களுக்கு அது ஒரு வாரத்து வேலை.