கருவிலேயே கலையும் பருத்திக் கல்யாணம்!

திருப்பூர் மண்ணரையில் நிட்டிங் மிஷினில் ஓடுகிறதே பனியன் நூல், அந்த நூலுக்குப் பின்னால் ஒரு கல்யாணக் கதை இருக்கிறது. அது சாமானியத்தில் கைகூடாத கல்யாணம்!

நம் நாட்டு வயல்களில் இரண்டு குடும்பப் பருத்தி உண்டு. ஒன்று நாட்டுப் பருத்தி. கோவில்பட்டிக் கரிசலில் விளையும் கருங்கண்ணி இந்தக் குடும்பம். வானம் பார்த்த பூமியிலும் பிழைக்கும். வறட்சியைத் தாங்கும். ஆனால் இழை குட்டை.

மற்றது அமெரிக்கக் குடும்பம். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்து, கோவைப் பக்கம் கிணற்றுப் பாசனத்தில் வேரூன்றிய கம்போடியா பருத்தி இதைச் சேர்ந்தது. இழை நீளம். ஆனால் தண்ணீர் கேட்கும். பூச்சி மருந்தும் கேட்கும்.

இரண்டையும் சேர்த்து வைத்தால்? விவசாயிக்குச் செலவு மிச்சம். மில்லுக்கு நல்ல பஞ்சு!

குறுக்கே நிற்கும் கணக்கு

அங்கேதான் சிக்கல். உயிரணுவுக்குள் பாரம்பரியத்தைச் சுமக்கும் நுண்ணிய இழைகளுக்குக் குரோமோசோம் என்று பெயர். நாட்டுப் பருத்திக்கு அவை 26. அமெரிக்கப் பருத்திக்கு 52. கருவுக்குப் பெற்றோர் ஒவ்வொருவரும் பாதி கொடுப்பார்கள். 13-ம் 26-ம் சேர்ந்தால் 39!

இந்தக் கரு பெரும்பாலும் பிழைப்பதில்லை. விதைக்குள் கருவுக்குப் பாலூட்டும் சத்துத் திசு கணக்குத் தவறி வளராமல் போகிறது. கரு பட்டினியால் மடிகிறது. பிஞ்சு உதிர்கிறது.

தப்பிப் பிழைக்கும் ஒன்றிரண்டு செடியாவது உதவுமா? அதுவும் இல்லை. 39-ஐ ஜோடி ஜோடியாகப் பிரிக்க முடியாது. நல்ல மகரந்தம் உண்டாவதில்லை. செடி பூக்கும், காய்க்காது!

கண்வலிக் கிழங்கின் கைவரிசை

இதற்கு விஞ்ஞானிகள் கண்ட வழி கோல்ச்சிசின் என்ற நஞ்சு. திருப்பூர் மாவட்டத்து மூலனூர்ப் பக்கம் பயிராகும் கண்வலிக் கிழங்கின் விதையிலும் இது இருக்கிறது. அணு இரண்டாகப் பிரியும் நேரத்தில் இது தடுத்துவிடும். குரோமோசோம்கள் இரட்டிக்கும். 39 என்பது 78 ஆகும். ஒவ்வொன்றுக்கும் ஜோடி கிடைக்கும். செடி காய்க்கும்! பிறகு அதை மீண்டும் மீண்டும் அமெரிக்கப் பருத்தியோடு சேர்த்து 52-க்குக் கொண்டு வரலாம்.

1940-இல் அமெரிக்க விஞ்ஞானி பீஸ்லி, ஆசியப் பருத்தியையும் அமெரிக்கக் காட்டுப் பருத்தியையும் சேர்த்து, கோல்ச்சிசினால் இரட்டித்துக் காட்டினார்.

மனிதருக்கும் அதே சட்டம்

மனிதக் கருவுக்கு 23-ம் 23-ம் சேர்ந்து 46. ஒன்று கூடினாலும் குறைந்தாலும் பெரும்பாலான கருக்கள் நிலைப்பதில்லை. முதல் மூன்று மாதத்தில் கலையும் கருக்களில் ஏறக்குறைய பாதிக்கு இந்தக் கணக்குப் பிழையே காரணம். அது அந்தப் பெண் செய்த தவறு அல்ல. மருமகளைப் பழிக்கும் வீடுகள் இதை அறிய வேண்டும்.

இயற்கை செய்த இரட்டிப்பு

இன்னொரு விந்தை! 52 உள்ள அமெரிக்கப் பருத்தியே ஒரு கலப்புக் குழந்தைதான். பத்து லட்சம் ஆண்டுகளுக்கும் முன்பு, நாட்டுப் பருத்தியின் உறவினம் ஒன்றும் அமெரிக்கக் காட்டுப் பருத்தி ஒன்றும் கலந்தன. பிறந்த கருவின் கணக்கு, மருந்தே இல்லாமல், தானாக இரட்டித்தது.

மனிதன் இத்தனை பாடுபட்டுச் செய்வதை இயற்கை என்றோ செய்து முடித்துவிட்டது. மண்ணரையில் இன்று பனியனாவது அந்தக் கல்யாணத்தின் வாரிசுதான்!