எருமையும் பிரேக் ஒயரும்

நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் எமன் வேஷம் கட்டி மேடையேறினால் முன்வரிசைப் பிள்ளைகள் தாயின் மடிக்குள் பதுங்கிக்கொள்ளுமாம். சாவித்திரி நாடகத்தில் அவர் எமனாக வந்த கோலத்தைக் கண்டு அதிர்ந்ததில் ஒரு கர்ப்பிணிக்குக் கரு கலைந்துவிட்டது, அதன்பின் அவர் நடிப்பதையே விட்டார் என்று நாடகக்காரர்கள் சொல்வதுண்டு. அன்றைய கூட்டத்துக்கு எமன் வேஷமல்ல, எமனேதான். சித்திரா பௌர்ணமியன்று, எமனின் கணக்கர் சித்திரகுப்தனைப் பற்றிய ‘சித்திரபுத்திர நயினார் கதை’ வாசிக்கக் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். மேலே ஒருவர் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறார் என்பதில் அவர்களுக்குச் சந்தேகமில்லை.

இந்தப் பயத்தைச் சினிமா சீக்கிரமே கரைத்துவிட்டது. 1960-இல் ‘நான் கண்ட சொர்க்கம்’ படத்தில் மேலுலகம் போனவர் யார் தெரியுமா? சிரிப்பு நடிகர் தங்கவேலு! அவர் போன இடத்தில் யார் பயப்படுவார்கள்? 1980-இல் ‘யமனுக்கு யமன்’ வந்தது. எமனும் சிவாஜி, எமனை எதிர்ப்பவரும் சிவாஜி. 1990-இல் ‘அதிசய பிறவி’யில், காலம் முடியாத ரஜினியின் உயிரைப் பறித்துவிடுகிறார்கள். திருப்பி அனுப்பலாமென்றால் உடலை எரித்தாகிவிட்டது. அதே சாயலில் வேறோர் உடலைத் தேடிக் கொடுக்க வேண்டியதாகிறது. ரேஷன் கார்டில் அப்பா பெயர் தப்பாக விழுந்து, திருத்தப் போய் அலைந்தவர்களுக்கு இந்தக் கதையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. எமலோகம் தாலுகா ஆபீஸ் ஆகிவிட்டது. 1995-இல் ‘லக்கி மேன்’ வந்தபோது எமன் கவுண்டமணி, சித்திரகுப்தன் செந்தில். எமலோகத்து ஏட்டைத் தொலைத்துவிட்டு இருவரும் பூமிக்கு வந்து தேடுகிறார்கள். கணக்கே காணாமல் போனபின் பாவமாவது, புண்ணியமாவது.

பயத்தைத் திரும்பக் கொண்டுவர முயன்ற படம் 2005-இல் வந்த ‘அந்நியன்’. அதில் எமனே இல்லை, நரக தண்டனைகளைச் சொல்லும் கருட புராணம் மட்டும் இருக்கிறது. இயக்குநர் ஷங்கரின் பிரம்மாண்டத்தைவிட அவர் போட்ட பாவப் பட்டியல்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பழைய நரகப் படங்களில் எண்ணெய்க் கொப்பரையில் கிடந்தவர்கள் பொய்ச்சாட்சி சொன்னவன், பிறன்மனை நாடியவன். இங்கோ ரயிலில் மோசமான சாப்பாடு போட்ட ஒப்பந்தக்காரர் எண்ணெயில் பொரிகிறார். மட்டமான பிரேக் ஒயர் செய்து விற்றவரை அட்டைகள் உறிஞ்சுகின்றன. விபத்தில் அடிபட்டவனைக் காரில் ஏற்ற மறுத்தவரை எருமைகள் மிதிக்கின்றன. சித்திரகுப்தன் ஏட்டின் இடத்தில் ஓர் இணையதளம். யார் வேண்டுமானாலும் அதில் புகார் எழுதலாம். தியேட்டரில் கைதட்டல் பறந்தது. தட்டியவர்களில் பலர் நுகர்வோர் நீதிமன்றப் படியைக்கூட மிதித்திருக்க மாட்டார்கள். தண்டனை மிகை என்று எவருக்கும் தோன்றவில்லை என்பதுதான் எனக்கு இன்றும் உறுத்துகிறது. பழைய கூட்டம் நரகத்தில் தன்னைப் பார்த்து நடுங்கியது. இந்தக் கூட்டம் அடுத்தவனை அங்கே அனுப்பிவைத்து மகிழ்ந்தது.

அதற்குப் பிறகு எமன் மறுபடி சிரிப்புக்குத் திரும்பிவிட்டார். 2019-இல் வந்த ‘தர்ம பிரபு’வில் எமன் ராதாரவிக்கு வயதாகிறது. பதவி மகன் யோகி பாபுவுக்குப் போகிறது. எமபட்டத்திலும் வாரிசு அரசியல். தியேட்டரில் இருந்தவர்களுக்கு அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.